பார் மேடையில் நினைவுக் காகிதங்கள்: எபாக்சிக்குள் எதை வைக்கலாம், எதைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கலாம்?

பயணச்சீட்டு, நுழைவுச்சீட்டு, தபால்தலை, பாட்டில் லேபிள், கைப்பட எழுதிய கடிதம், செய்தித்தாள் துண்டு, புகைப்படம். வீட்டிலேயே செய்த பார் மேடையின் பலகைமேல் இவற்றைப் பரப்பி, தெளிந்த எபாக்சியை (ஹார்டனர் கலந்ததும் இறுகும் திரவ ரெசினை) ஊற்றி மூடினால் மேடை கண்ணாடிபோல் மின்னும், அடியில் நினைவுகள் தெரியும். நன்றாகச் செய்தால் இதைவிட அழகான மேற்பரப்பு இல்லை. ஆனால் எந்த ரெசின் வாங்கலாம் என்று யோசிக்கும் முன், ஒவ்வொரு காகிதத்தையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது எனக்குத் திரும்ப வேண்டுமா?

இறுகிய எபாக்சியை மறுபடி உருக்க முடியாது. அதைத் தாக்கும் அளவுக்கு வலுவான இரசாயனம் காகிதத்தை முதலில் அழித்துவிடும். உள்ளே போன காகிதம் பலகையோடு ஒன்றாகிவிடுகிறது. பலகை வளைந்தாலோ, ரெசின் மஞ்சளானாலோ, ஊற்றும்போது பிசகினாலோ காகிதமும் அதோடு போயிற்று. ஆகவே எங்கள் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒரே பிரதியாக உள்ள எதையும் எபாக்சிக்குள் வைக்காதீர்கள், நல்ல நகலை வையுங்கள். அசல்தான் மேடையில் இருக்க வேண்டும் என்றால் அதைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். இரண்டாவது பிரதி உள்ளவை, போனால் வருத்தமில்லாதவை ஆகியவற்றை மட்டும் நேராக ரெசினுக்குள் விடலாம்.

காகிதம் ரெசினைக் குடித்தால்

காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் நார்களுக்கு நடுவே இருக்கும் காற்று. நாரும் காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் ஒளி சிதறித் திரும்புகிறது. எபாக்சியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காகித நாரினுடையதும் ஏறத்தாழ அதுவே. காற்று இருந்த இடத்தில் ரெசின் புகுந்ததும் சிதறல் நின்று, தாள் எண்ணெய் பட்டதுபோல் ஆகிவிடும். பின்பக்க அச்சு முன்னால் தெரியும், கீழே உள்ள மரத்தின் நிறம் மேலே வரும். முழுத்தாளும் ஒரே சீராக ஊறினால்கூடக் கண் பழகிவிடும். பாதி ஊறி, பாதி ஊறாமல் திட்டுத்திட்டாக நிற்பதுதான் பார்க்கவே முடியாதது.

வெளியேறும் காற்று எங்கே போகும்? ரெசினுக்குள் குமிழாக ஏறும். வினை நடக்கும்போது ரெசின் சூடாவதால் தாளிலும் மரத்திலும் உள்ள காற்று விரிந்து, மணிக்கணக்கில் வெளியே வந்துகொண்டே இருக்கும். ரெசின் கெட்டிப்பட்ட பிறகு வரும் குமிழ் அங்கேயே உறைந்துவிடும். மூன்றாவது சிக்கல் மிதப்பு. சாதாரணக் காகிதத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.7 முதல் 0.9 கிராம், எபாக்சியினுடையது சுமார் 1.1 கிராம். சரியாக ஒட்டாத தாள் மெதுவாக மேலே எழும்பும். ஊற்றி அரைமணி கழித்து வந்து பார்த்தால் ஒரு மூலை ரெசினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். காகிதத்தை ரெசின் புகாதபடி முன்கூட்டியே பூசி அடைத்து, அடியில் காற்று இல்லாமல் ஒட்ட வேண்டும். விலை உயர்ந்த ரெசின் இந்த வேலையைச் செய்து தராது.

நான்கு வழிகள்

எபாக்சியின் பலம், இடைவெளியே இல்லாத மேற்பரப்பு. சிந்திய பானம் புகுவதற்கு ஓட்டை கிடையாது. 3 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 3.3 கிலோதான் எடை. வளைந்த விளிம்பு, வெட்டுக்கொடுத்த மூலை எதையும் மூடும். பலவீனம் வெப்பமும் வெயிலும். மேசைக்கென்று விற்கும் பெரும்பாலான எபாக்சிகள் 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் மென்மையாகத் தொடங்குகின்றன. கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பையை வைத்தால் வட்டத் தடம் விழும். புற ஊதா ஒளியில் எல்லா எபாக்சியும் மஞ்சளாகும். தடுப்பு சேர்த்த ரெசினில் அது தாமதமாகும், அவ்வளவுதான். அந்தத் தடுப்பு ரெசினைக் காப்பதற்காகச் சேர்ப்பது. அடியில் உள்ள மை வெளிறாது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. சன்னலை ஒட்டி, நாள் முழுக்க வெயில் விழும் மேடைக்கு எபாக்சியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கண்ணாடிதான் அசல் காகிதங்களுக்கு உரிய இடம். பலகையைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, உள்ளே பள்ளம் விட்டு, தாள்களைப் பரப்பி, மேலே 6 மி.மீ. டஃபன்ட் கண்ணாடியைப் பதிக்கலாம். எடை சதுர மீட்டருக்கு 15 கிலோ. டஃபன்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், சட்டம் முழுதாக முடிந்த பின் அளவெடுத்து, ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 1.5 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்ல வேண்டும். காகிதம், குறிப்பாகப் புகைப்படம், கண்ணாடியைத் தொடவே கூடாது. ஈரப்பதம் ஏறும்போது படத்தின் ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படம் உரிந்து வரும். அதனால் ஓரத்தில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளிப் பட்டை வையுங்கள். தாள்களைப் பசை போட்டு ஒட்டாமல், அமிலமில்லாத அட்டையில் மூலைப்பிடிகளால் பொருத்துங்கள்.

பார் மேடை என்பதால் பானம் கண்டிப்பாகச் சிந்தும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் சிலிக்கான் அடைப்பு வேண்டும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வினிகர் வாசனை வரும் சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மூடிய பெட்டிக்குள் அது காகிதத்தையும் புகைப்படத்தையும் கெடுக்கும். நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்கி, பூசிய பின் நன்றாக இறுகவிடுங்கள். ஒளி விழும் இடமென்றால் டஃபன்டுக்குப் பதில் லேமினேட்டட் கண்ணாடி போடலாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே உள்ள பி.வி.பி. படலம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். சாதாரணக் கண்ணாடி அப்படி நிறுத்தாது. ஆண்டுகள் கழித்து ஏதாவது ஒரு கடிதத்தை வெளியே எடுக்க வேண்டுமென்றால், கத்தியால் சிலிக்கானை அறுத்துக் கண்ணாடியைத் தூக்கினால் போதும். எபாக்சியில் இந்த வழியே கிடையாது.

அக்ரிலிக் ஷீட்டைப் பலர் கண்ணாடிக்கு மலிவான மாற்றாக நினைக்கிறார்கள். 6 மி.மீ. தடிமனில் எடை சுமார் 7 கிலோ, பாதிக்கும் குறைவு. ஆனால் பார் மேடைக்கு இது பொருந்தாது. மதுவில் உள்ள ஆல்கஹால் திரும்பத் திரும்பப் பட்டால் அக்ரிலிக்கில், முக்கியமாக வெட்டிய விளிம்புகளிலும் துளைகளைச் சுற்றியும், நுண்விரிசல் விழும். கீறலும் சீக்கிரம் விழும். மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. விரியும் பொருள் அது. 2 மீட்டர் நீளத் தகடு 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும், இடம் விடாமல் திருகினால் நடுவில் தூக்கிக்கொள்ளும். மேடையின் முன்பக்கச் செங்குத்துப் பலகைக்கு அக்ரிலிக் நல்லது. மேலே வேண்டாம்.

வார்னிஷ் வழி பழையது. காகிதத்தைப் பசையால் ஒட்டி, பாலியூரித்தேன் வார்னிஷைப் பல கோட் பூசுவது. ஒரு கோட் காய்ந்த பின் நிற்பது 0.05 மி.மீ. அளவுதான். சாதாரண அச்சுத்தாளின் தடிமனே 0.1 மி.மீ. என்பதால், விரலுக்கு விளிம்பு தட்டுப்படாமல் இருக்க 6 முதல் 8 கோட், நடுநடுவே தேய்ப்பு. லேபிள், வரைபடம், இசைத்தாள் போன்ற மெல்லியவற்றுக்கு இது போதும். தடித்த அட்டைக்கு உதவாது. எண்ணெய் வகை வார்னிஷ் முதல் நாளிலிருந்தே பழுப்பு சாயல் தரும், நீர்வகை தராது. எபாக்சியின் ஆழமான பளபளப்பு இதில் வராது. மொத்தமாக ஊற்றும் பதற்றமும் கிடையாது. ஒரு கோட் கெட்டால் தேய்த்துவிட்டு மறுபடி பூசலாம்.

அடைப்பான்களில் எது?

எபாக்சிதான் என்று முடிவானால், உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான தோல்விகள் இந்தக் கட்டத்தில் விதைக்கப்பட்டு, ஊற்றும் நாளில் முளைக்கின்றன.

முதல் ஆள் பி.வி.ஏ. வெள்ளைப் பசை. 2 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர் கலந்து, மென்மையான தூரிகையால் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றிலும் பூச வேண்டும். விளிம்பை விட்டுவிட்டால் ரெசின் அங்கிருந்து உள்ளே ஏறி, தாளைச் சுற்றி 3 முதல் 5 மி.மீ. அகலத்தில் கருமையான கரை கட்டும். குறைந்தது இரண்டு கோட், இரண்டுக்கும் நடுவே முழு உலர்வு, கடைசிக் கோட்டுக்குப் பின் 24 மணிநேரம். பாலித்தீன் விரிப்பின்மேல் காயவையுங்கள், ஒட்டாது. சுருண்டால் இரண்டு பாலித்தீன் தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்துங்கள். பி.வி.ஏ.வின் நன்மை, முழுமையான படலம். குறை, அதில் உள்ள தண்ணீர்: மை பேனா எழுத்தும் சாய வகை இன்க்ஜெட் அச்சும் கரைந்து ஓடும், செய்தித்தாள் போன்ற மெல்லிய தாள் ஈரத்தில் விரிந்து சுருக்கம் விழும். சரியாகக் காயாமல் ரெசினை ஊற்றினால் உள்ளே பால்போன்ற மங்கல் நின்றுவிடும், அது பிறகு தெளியாது.

இரண்டாவது அக்ரிலிக் ஸ்பிரே. 25 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, தாள் நனையாத அளவுக்கு மெல்லிய கோட்கள். நீரில் கரையும் மைக்கு இது பாதுகாப்பு. ஆனால் பால்பாயிண்ட் மையும் லேசர் அச்சின் டோனரும் ஸ்பிரேயில் உள்ள கரைப்பானுக்கு இளகும். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் எழுத்தைச் சுற்றி நீலப்புகை படரும். மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 20 நிமிடம் என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஸ்பிரே மட்டும் போதுமா என்றால், பளபளப்பான பூச்சுத்தாளுக்குப் போதும். சொரசொரப்பான தாளில் நார்களுக்கு நடுவே ஊசித்துளைகள் விட்டுப்போகும்.

அதனால் நாங்கள் பெரும்பாலும் சொல்வது இரண்டையும் சேர்த்துத்தான்: முதலில் இரண்டு மெல்லிய ஸ்பிரே கோட் போட்டு மையை நிறுத்துங்கள், ஒருநாள் கழித்து அதன்மேல் இரண்டு பி.வி.ஏ. கோட் போட்டுத் துளைகளை அடையுங்கள். நேரம் கூடும், ஆனால் இரண்டின் குறையையும் மற்றது மூடும்.

ஷெல்லாக் சீக்கிரம் காயும், நன்றாக அடைக்கும். ஆல்கஹாலில் கரைத்தது என்பதால் பால்பாயிண்ட் எழுத்தை ஓடவிடும், லேசான பழுப்பும் தரும். பழைய தோற்றம் வேண்டிய வரைபட நகலுக்கு அந்தப் பழுப்பே அழகு. மெழுகு நீக்கிய வகையை மட்டும் வாங்குங்கள். மெழுகின்மேல் எபாக்சி பிடிக்காது.

வெப்ப லேமினேஷன் செய்து உள்ளே வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த வழவழப்பான படலத்தில் எபாக்சி சரியாகப் பிடிப்பதில்லை. சில மாதங்களில் ஓரங்கள் பிரிந்து வெள்ளிபோல் மினுங்கும், உள்ளே சிக்கிய காற்றும் சூட்டில் உப்பும்.

எந்த அடைப்பானாக இருந்தாலும், அதே தாளின் உபரித் துண்டில் கலந்த ரெசினை ஒரு சொட்டு விட்டு, இறுகும்வரை கவனியுங்கள். சொட்டு விழுந்த இடம் கருக்கத் தொடங்கினால் இன்னொரு கோட் தேவை.

எந்தக் காகிதம் எப்படி நடந்துகொள்ளும்

தெர்மல் தாளில் அச்சான ரசீதும் நுழைவுச்சீட்டும் எபாக்சிக்கு எதிரி. வெப்பத்தால் கருக்கும்படி செய்யப்பட்ட தாள் அது. கரைப்பான் பட்டாலும் கருக்கும். ரெசினின் சூடும், குமிழை உடைக்க அதன்மேல் காட்டும் சுடரும் சேர்ந்தால் சீட்டு முழுதும் சாம்பல் நிறமாகலாம். ஒன்றும் செய்யாமல் வைத்தாலே அந்த எழுத்து காலப்போக்கில் மங்கும். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் தெர்மல் தாள். உடனே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், நகலையே பதியுங்கள்.

செய்தித்தாள் மெல்லியது, இருபுறமும் அச்சானது, மரக்கூழில் உள்ள லிக்னினால் தானாகவே பழுக்கும். இதற்கும் நகல்தான் வழி. ஸ்கேனரில் வைக்கும்போது தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் பின்பக்க எழுத்து பெரிதும் அடங்கிவிடும்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள புகைப்படத் தாளில் முன்பக்கம் ரெசினைக் குடிக்காது; வெட்டிய விளிம்பு குடிக்கும். அதை மட்டும் கவனமாக அடைத்தால் போதும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வேறு இனம். அவற்றின் ஜெலட்டின் தண்ணீரில் ஊதும், பி.வி.ஏ. பூசவே கூடாது. அவற்றையும் உடனடி கேமராப் படங்களையும் கண்ணாடிக்கே விடுங்கள்.

கோப்பைக்கு அடியில் வைக்கும் கூழ் அட்டை 1.5 மி.மீ. தடிமனில் முழுக்க முழுக்கப் பஞ்சு. நான்கு கோட் வரை இழுக்கும். ஓரத்துக்கு ஐந்தாவதும் கொடுக்கலாம். சீட்டுக்கட்டு அட்டைகள் மேலும் கீழும் பூச்சு உள்ளவை, விளிம்பை அடைத்தால் நல்லபடி நடந்துகொள்ளும். பென்சில் எழுத்து எதற்கும் அசையாது, தூரிகையால் தேய்க்காமல் இருந்தால் போதும்.

நகல் எடுப்பதிலும் கவனம் வேண்டும். 600 டி.பி.ஐ. ஸ்கேன், அசல் அளவிலேயே அச்சு, நிறமி மை கொண்ட இன்க்ஜெட் அல்லது லேசர், 120 முதல் 160 ஜி.எஸ்.எம். மேட் தாள், ஒருபக்கம் மட்டும். எபாக்சிக்கு அடியில் நிறங்கள் ஈரமானதுபோல் ஆழமாகும் என்பதால் சற்று வெளிறலாக அச்சிடுங்கள். ஓரத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து, அசலில் இருந்த மடிப்பை நகலிலும் மடித்தெடுத்தால் மேடையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ரெசின் இரண்டு வகை, ஒன்றுதான் இங்கே பொருந்தும்

மேசைப்பூச்சு எபாக்சி கெட்டியானது, ரெசினும் ஹார்டனரும் பெரும்பாலும் 1:1 கலவை, ஒரு தடவைக்கு 3 மி.மீ. வரை தானாகச் சமன்படும், கலந்தபின் 20 முதல் 40 நிமிடம் வேலைநேரம் தரும். ஆழமாக ஊற்றும் எபாக்சி தண்ணீர்போல் இளகியது, 2:1 அல்லது 3:1, இறுக ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கும். குமிழ் தானாகவே வெளியேறுகிறதே என்று பலர் இதைத் தேடிப்போகிறார்கள். காகிதத்துக்கு அது கெடுதல். அவ்வளவு நேரம் திரவமாக நிற்பதால் அடைப்பில் உள்ள ஊசித்துளையைக்கூட அது கண்டுபிடித்துப் புகும். மெல்லிய படலமாக ஊற்றினால் போதிய சூடு பிறக்காமல் மென்மையாகவே நின்றுவிடுவதும் உண்டு. நாணயம், மூடி என்று தடித்த பொருள்களையும் சேர்த்து 10 மி.மீ.க்கு மேல் பள்ளம் நிரப்ப வேண்டியிருந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம். பாலியஸ்டர் ரெசின் பக்கமே போக வேண்டாம். அதில் உள்ள ஸ்டைரீன் மையைக் கரைக்கும், இறுகும்போது சுருங்கவும் செய்யும்.

அளவுக் கணக்கு எளிது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. தடிமனுக்கு 1 லிட்டர். 1.8 மீட்டர் நீளம், 0.45 மீட்டர் அகலம் உள்ள மேடை 0.81 சதுர மீட்டர். முதலில் தூரிகையால் மெல்லியதாகப் பூசும் ரெசின், அதாவது அடைப்புக் கோட், 0.4 மி.மீ.க்கு 0.32 லிட்டர்; அதன்மேல் தடிமனாக ஊற்றிப் பரப்பும் வெள்ளக் கோட் 3 மி.மீ.க்கு 2.43 லிட்டர். ஓரங்களில் வழிவதற்கும் வாளியில் ஒட்டுவதற்கும் 15 சதவீதம் சேர்த்தால் 3.2 லிட்டர். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருந்தால் இரண்டாவது வெள்ளக் கோட்டும் வேண்டும், மொத்தம் 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக உயரமான தாளுக்கு மேலே 2 மி.மீ. ரெசின் நிற்க வேண்டும் என்பதே அளவுகோல்.

ஒட்டுவதும் ஊற்றுவதும்

மரப்பலகை உலர்ந்ததாக, ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணெய், மெழுகு ஏதும் பட்டிருக்கக் கூடாது. மேடையை ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் சரிபாருங்கள். சிறு வாட்டம் இருந்தாலும் ரெசின் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் தாளின் மூலை தலைகாட்டும்.

ஒட்டுவதற்கு இரண்டு முறைகள். மெல்லிய ஒருபக்க நகல்களைப் பின்பக்கம் அடைக்காமலே வெறும் மரத்தில் அல்லது நீர்வகைப் பெயிண்ட் அடித்த பலகையில் பி.வி.ஏ.வால் ஒட்டி, ரப்பர் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, காய்ந்தபின் பலகை முழுதும் இரண்டு கோட் நீர்த்த பி.வி.ஏ. பூசலாம். பின்பக்க ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொள்ளும். மேல்கோட் மரத்தையும் சேர்த்தே அடைத்துவிடும். நகல்கள் நிறைந்த மேடைக்கு இதுவே எங்கள் முதல் தேர்வு. ஊற்றுவதற்கு முன் 48 மணிநேரம் விடுங்கள். தடித்த அட்டை, இருபுறமும் அடைத்த தாள் ஆகியவற்றுக்கு இது ஆகாது. உறிஞ்ச இடமில்லாமல் நடுவில் பசை ஈரமாகவே தங்கும். அவற்றை, அடைப்புக் கோட் பூசிய மரத்தின்மேல் அதே எபாக்சியை மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து அழுத்திப் பதியுங்கள். ஸ்பிரே பசை வேண்டாம், புள்ளிபுள்ளியாகத்தான் பிடிக்கும், இடையெல்லாம் காற்று. தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெசினை அளக்கும்போது ஒரு பொதுவான தவறு நடக்கிறது. டப்பாவில் உள்ள 1:1 பெரும்பாலும் கொள்ளளவு விகிதம். ரெசின் கனமானது, ஹார்டனர் லேசானது. தராசில் சமமாக நிறுத்தால் ஹார்டனர் கூடிப்போய் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அளவுக்கோடு போட்ட வாளியில் அளந்து ஊற்றுங்கள். தராசுதான் வேண்டுமென்றால் எடை விகிதத்தைத் தயாரிப்பாளரின் தாளில் தேடிப் பயன்படுத்துங்கள். அறை 22 முதல் 25 டிகிரி இருக்கட்டும். குளிர்ந்த ரெசின் கெட்டியாகி நுண்குமிழைப் பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் மூடிய டப்பாவைக் கலப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் நிறுத்துங்கள். மெதுவாக, பக்கங்களையும் அடியையும் வழித்தபடி 4 நிமிடம் கலக்கி, வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி இன்னும் 1 நிமிடம் கலக்குங்கள். ஊற்றி முடித்தபின் வாளிச் சுவரில் ஒட்டியிருப்பதை வழித்து மேடையில் விடாதீர்கள். அது கலவாத ரெசின், விழுந்த இடம் இறுகவே இறுகாது.

முதலில் அடைப்புக் கோட்டைத் தூரிகையால் தேய்த்துப் பூசுங்கள். 4 முதல் 6 மணிநேரத்தில் விரல் ஒட்டும், ஆனால் இழை வராது. அப்போது வெள்ளக் கோட்டை ஊற்றினால் இரண்டும் இரசாயனமாகவே பிணையும். ஒருநாள் தாண்டிவிட்டால் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். தாளின் மூலை மேடாக இருக்கும் இடத்தில் உப்புத்தாள் நேராக அச்சையே தின்றுவிடும், அதனால் முதல் வாய்ப்பைத் தவறவிடாமல் இருப்பது நல்லது.

அறையைச் சற்றுச் சூடாக்கி, பிறகு வெப்பம் இறங்கத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுவது பயனுள்ள உத்தி. குளிரும் மரத்தில் காற்று சுருங்கும், குமிழ் விடாது. வாளியில் வைத்திருக்காமல் உடனே மேடையில் கொட்டிப் பரப்புங்கள். ஒரு லிட்டருக்கு மேல் வாளியில் நின்றால் தன் சூட்டிலேயே வேகமாகக் கெட்டிப்படும். பற்கள் கொண்ட பட்டையால் இழுத்துவிட்டு, ஊற்றியதும், 5 நிமிடத்தில், 15 நிமிடத்தில் என்று கேஸ் டார்ச்சின் சுடரை 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் நிறுத்தாமல் ஓட்டினால் குமிழ் உடையும். ஓரிடத்தில் நிறுத்தினால் ரெசின் கருகும், தாளுக்குள் உள்ள காற்று விரிந்து புதுக்குமிழ் பிறக்கும். ஸ்பிரே, தின்னர், ஆல்கஹால் ஆகியவற்றை முன்னதாகவே அறையை விட்டு அகற்றிவிட்டே சுடரை ஏற்றுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் தூசியை ஊதிக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் டார்ச்தான் மேல்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் ரெசினைத் தொடாதீர்கள். ஹார்டனரில் உள்ள அமீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடியது. ஸ்பிரே அடிக்கும்போது கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

தெரியும் குறையும் அதன் மூலமும்

தாளுக்கு அடியில் வெள்ளிபோல் ஒரு திட்டு தெரிந்தால் அங்கே பசை பிடிக்கவில்லை. அடைப்புக் கோட் கட்டத்திலேயே பார்த்துவிட்டால் கத்தி முனையால் கீறி, ஊசியால் ரெசினைச் செலுத்தி அழுத்தலாம். வெள்ளக் கோட்டுக்குப் பிறகு ஒன்றும் செய்ய இயலாது. மேற்பரப்பில் வட்டப் பள்ளங்கள் விழுந்தால் சிலிக்கான் அல்லது எண்ணெய்க் கை பட்டிருக்கிறது. இறுகியபின் தேய்த்து, துடைத்து, மறுகோட் ஊற்றினால் மறைந்துவிடும். மேலே வழுவழுப்பான மங்கல் படிந்தால் அது ஈரக்காற்றில் ஹார்டனர் விட்ட படிவு. வெதுவெதுப்பான நீரால் கழுவித் தேய்த்தால் போய்விடும். பிசுபிசுப்பான திட்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அதன்மேலேயே மறுபடி ஊற்றினால் அடியில் அப்படியே நிற்கும்.

ஊற்றிய மேடையை 24 மணிநேரம் தூசி படாமல் மூடி வையுங்கள், பாலித்தீன் ரெசினைத் தொடாதபடி. 72 மணிநேரத்தில் லேசான பயன்பாடு, 7 நாளுக்குப் பிறகு வழக்கமான பயன்பாடு. சில ரெசின்கள் முழு உறுதி அடைய 30 நாள் வரை எடுக்கும். அதற்குள் கனமான பாட்டில் தட்டை அங்கேயே விட்டுவைத்தால் அடித்தடம் பதிந்துவிடும்.

புழக்கத்தில் கீறல் விழும். கண்ணாடியில் ஆழமான கீறல் விழுந்தால் கண்ணாடியையே மாற்ற வேண்டும், காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது. எபாக்சியில் 220 எண் உப்புத்தாளால் முழுப்பரப்பையும் மங்கலாக்கி, துடைத்து, 1.5 மி.மீ. புதிய கோட் ஊற்றினால் மேடை புதிதாகிவிடும். முதல் தடவையே தாளுக்கு மேல் 2 மி.மீ. விடச் சொன்னது இந்தத் தேய்ப்புக்கும் சேர்த்துத்தான்.